பாவாயியின் கைக்கு எந்த லைன்?

பதினோரு வருடமாக நான் குழந்தைகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சொல்லிக்கொள்ளும் பெயர் ஸ்கேன் டெக்னீஷியன். ஈரோட்டிலிருந்து சென்னிமலை போகிற ரோட்டில் எங்கள் மையம். கை கால் அசைவில் குறையுள்ள குழந்தைகள் நான்கு மாவட்டங்களிலிருந்து வருவார்கள். மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்தால், நாற்பது நிமிடத்தில் இயந்திரம் மூளைக்குள் ஓடும் நரம்புப் பாதைகளைப் படம் பிடித்து, ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் கொடுக்கும். பாதை எண் என்று அதற்குப் பெயர். அதை அச்சடித்துப் பெற்றவர் கையில் கொடுப்பது நான்.

இருபத்தைந்தும் அதற்கு மேலும் வந்த குழந்தைக்கு அரசு ஸ்லீவ் கொடுத்தது. தலையில் ஒரு பட்டை, கையில் ஓர் உறை. கையை அசை என்று மூளையிலிருந்து கிளம்பும் மெல்லிய கட்டளையைப் பட்டை பிடித்துக்கொள்ளும். உறை அதற்குப் பலம் சேர்த்து விரலை மடக்கும், நீட்டும். ஏழு வயது முடிவதற்குள் மாட்டியாக வேண்டும், அதற்குப் பிறகு பாதைகள் இறுகிவிடும் என்பது விதி. இருபத்தைந்துக்குக் கீழே வந்தால் ஸ்லீவும் இல்லை, பயிற்சியும் இல்லை. 'பராமரிப்புப் பட்டியல்' என்று ஒன்று இருந்தது, அதில் பெயர் ஏறும். அழகான பெயர்தான். கைவிட்டாயிற்று என்பதை அப்படி எழுதினோம்.

எனக்கு அந்த எண் மேல் அப்படியொரு நம்பிக்கை. மனிதர்கள் பொய் சொல்வார்கள், படம் சொல்லாது என்று எல்லோரிடமும் அளந்துகொண்டிருப்பேன். அதற்கு எங்கள் படிவத்தின் எட்டாம் கேள்வியைத்தான் சாட்சிக்கு இழுப்பேன். பாதிக்கப்பட்ட கையைக் குழந்தை தினமும் எதற்காவது பயன்படுத்துகிறதா என்பது கேள்வி. வலப்பக்கம் பாதித்த குழந்தைகளின் அம்மாக்கள் அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "சாப்பிடறது சோத்துக்கையிலதாங்க." சொல்லாமல் என்ன செய்வார்கள்? பிள்ளை இடது கையால் சாப்பிடுகிறது என்று நாலு பேர் நிற்கும் இடத்தில், பக்கத்தில் மாமியாரை வைத்துக்கொண்டு, எந்த அம்மாவுக்கு வாய் வரும்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படிச் சொன்ன ஓர் அம்மாவின் பிள்ளைக்கு பிஸ்கட்டை நீட்டினேன். அது இடது கையால் வாங்கி இடது கையாலேயே தின்றது. அன்றே முடிவு கட்டிவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் 'நம்பத்தக்கதல்ல' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னதே நான்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கும் அதுதான் முதல் பாடம்: எட்டாம் கேள்வியைக் கேள், பதிலைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

2049 பங்குனியில் பாவாயி வந்தாள். எங்கள் தலைமுறையில் சுபிக்ஷா, தன்யஸ்ரீ என்று வைத்துச் சலித்துப்போய், இப்போது பழைய பெயர்களையெல்லாம் தேடி எடுத்து வைக்கிறார்கள். நான் சுபிக்ஷா; அவள் அம்மா தன்யஸ்ரீ. தன்யஸ்ரீக்கு மின்சார வாரியத்தில் லைன் வேலை. கம்பத்திலிருந்து நேராக இறங்கி வந்தவள்போல காக்கிச் சட்டையோடு நின்றாள். பையிலிருந்த டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர், கொறடு எல்லாவற்றையும் வெளியே வைத்தால்தான் காந்த இயந்திரம் இருக்கும் அறைக்குள் விடுவேன் என்று முதலிலேயே ஒரு சண்டை. பாவாயிக்கு வலது கையும் வலது காலும் பிறந்ததிலிருந்தே பலம் குறைவு. ஏழு வயது முடிய இருபத்து மூன்று நாள் இருந்தது. வலது கைக்கு வந்த எண் ஒன்பது.

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். இடது பக்க மூளையில் பிறக்கும்போதே அடிபட்டிருக்கிறது, வலக்கைக்கு வரும் பாதை அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும், அது இல்லை, ஸ்லீவ் மாட்டினாலும் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. தன்யஸ்ரீ சீட்டையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"அப்ப இவ எப்படிங்க சோத்துக்கையில சாப்பிடறா?"

எனக்குச் சிரிப்பு வந்ததை மறைத்துக்கொண்டேன். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்று வாய்தவறிச் சொல்லியும்விட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "மேடம், ஒரு வீட்டுக்குப் போற லைன் அத்துப்போச்சுன்னு ரிப்போர்ட் வருதுன்னு வெய்ங்க. நேர்ல போய்ப் பாத்தா வீட்டுல ஃபேன் ஓடுது. நீங்க ரிப்போர்ட்டை நம்புவீங்களா, ஃபேனை நம்புவீங்களா?"

"இது மூளைங்க, கம்பமில்ல."

"எங்க வீட்டு ஃபேன் மெதுவாத்தாங்க ஓடுது. ஆனா ஓடுது. எங்கிருந்து கரண்ட் வருதுன்னு பாக்கோணுமுங்க. லைன் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டா ஆச்சுங்களா?"

அடுத்த குழந்தையைக் கூப்பிட்டேன்.

மதியம் கேன்டீனுக்குப் போனால் இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். தன்யஸ்ரீ எவர்சில்வர் டப்பாவைத் திறந்து அரிசிம்பருப்புச் சாதத்தை மூடியில் எடுத்து வைத்தாள். பாவாயி வலது கையைத் தோளிலிருந்து தூக்கிக் கொண்டுவந்து சோற்றில் போட்டாள். விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கின. பிசைந்தாள், உருட்டினாள், பாதி சிந்தியது, மீதி வாய்க்குப் போனது. எண் ஒன்பது வாங்கிய கை. நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பார்த்தேன்.

"அந்தக் கைய அடியில வெய் அம்மணி," என்றாள் அம்மா. அப்போதுதான் இடது கையைக் கவனித்தேன். மடியில் கிடந்த அந்தக் கை, எதிரே ஒன்றுமில்லாமலேயே, வலது கை பிசைகிற அதே கணக்கில் காற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. வலது கை நின்றால் அதுவும் நின்றது. நான் பார்ப்பதைக் கண்டு தன்யஸ்ரீக்கு முகம் சுருங்கிவிட்டது. "அது ஒரு கெட்ட பழக்கமுங்க. இது எது பண்ணுனாலும் கூடவே அதும் ஆடும். தொடைக்கு அடியில வெச்சு உக்காரச் சொன்னாலும் கேக்கறதில்ல."

பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், அத்தனை பேரையும் தூங்கும்போது. அவர்களுடைய அசைவைப் பற்றித் தீர்ப்பு எழுதிய நான், ஒரு குழந்தை அசைவதை ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

அப்படியே டாக்டர் ரெஜினால்டு அறைக்குப் போனேன். நரம்பியல் மருத்துவர், எங்கள் நான்கு மாவட்டத்துக்கும் ஸ்லீவ் அனுமதியில் கையெழுத்திடுகிறவர். நிதானமான மனிதர். நான் சொன்ன மற்றதெல்லாம் அவரை அசைக்கவில்லை, இடது கை கூட ஆடுகிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிறக்கும்போது மூளையோட ஒவ்வொரு பக்கமும் ரெண்டு கைக்கும் பாதை அனுப்பும்," என்றார். "அப்புறம் அதே பக்கத்துக் கைக்குப் போற பாதை மெல்லக் காஞ்சு போயிடும். எதிர்ப்பக்கத்துக்குப் போறது மட்டும் நிக்கும். இந்தப் பாப்பாவுக்கு இடது மூளை அடிபட்டதால, வலது மூளையே ரெண்டு கையையும் பார்த்துக்குதோ என்னமோ. ஒரே இடத்துல இருந்து ஆர்டர் போனா ரெண்டு கையும் சேர்ந்துதான் ஆடும்."

"அப்ப மெஷின் ஏன் சார் சொல்லல?"

"மெஷின் எதிர்ப்பக்கத்துல மட்டும்தான் தேடும். அதைச் செஞ்ச ஊர்ல வலது கை வரலன்னா குழந்தை இடது கையால சாப்பிட்டுட்டுப் போயிடும், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. பழைய பாதை காஞ்சிடும். இல்லாததை எதுக்குத் தேடணும்னு விட்டுட்டாங்க."

"இங்க காயலையா?"

"ஒரு நாளைக்கு மூணு வேளை. ஆறு வருஷம். அந்த அம்மா காய விடலம்மா."

ஆனால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். சாப்பிட்டதைப் பார்த்தேன் என்பது சாட்சியே தவிர நிரூபணம் இல்லை. குழந்தை விழித்திருந்து கையை அசைக்கும்போது எடுத்த படம் வேண்டும், அதில் கட்டளை கிளம்பும் இடம் தெரிய வேண்டும். எங்கள் தொழிலில் இதை யாரும் செய்வதில்லை. தலை ஒரு நெல்மணி அகலம் நகர்ந்தாலும் படம் வீண். இந்தக் குழந்தைகளுக்குக் கையை அசைக்கச் சொன்னால் உடம்பே முறுக்கிக்கொள்ளும். அதனால்தானே மயக்க மருந்தே.

முயன்றோம். ரப்பர் பந்தைக் கொடுத்து, மணி அடித்தால் அமுக்கு என்றேன். பாவாயிக்கு மணிச்சத்தம் கேட்டாலே தோள் தூக்கிக்கொண்டது, கழுத்து விறைத்தது, தலை ஆடியது. படம் முழுக்கப் புகை. நான்கு நாள் கழித்து மறுபடியும் எடுத்தோம், மறுபடியும் புகை. பிறகு இயந்திரம் பழுதாகி ஐந்து நாள் போயிற்று. ஏழு வயது முடிய பத்து நாள் இருக்கும்போது பாவாயி பந்தை வீசிவிட்டு அழ ஆரம்பித்தாள். நானும் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருந்தேன். இவ்வளவு தூரம் வந்து, அந்தப் பாதை உள்ளே இருக்கிறது என்று தெரிந்தும், ஒரு பந்தால் அந்தப் பெண்ணின் கை போய்விடப்போகிறது.

தன்யஸ்ரீதான் சொன்னாள். "பந்து புடிச்சு அவளுக்கென்னங்க பழக்கம்? பழகாத வேலையக் குடுத்தா நானுந்தான் விறைச்சுக்குவேன். அவளுக்குச் சோத்தக் குடுங்க."

ஸ்கேன் அறைக்குள் உணவுப் பொருள் கூடாது என்று கதவில் சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கும். எழுதி ஒட்டியவள் நான். சோற்றுக்குக் காந்தம் ஒன்றும் செய்யாது, டப்பாவுக்குத்தான் செய்யும். டப்பாவை வெளியே வைக்கச் சொன்னேன். கேன்டீனிலிருந்து ஒரு வாழையிலை வாங்கி வந்தேன். டாக்டர் ரெஜினால்டு இலையையும் என்னையும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்.

பாவாயியை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றின்மேல் இலையைப் போட்டு, இளஞ்சூடான அரிசிம்பருப்புச் சாதத்தை நெய்விட்டு வைத்தோம். படுத்துக்கொண்டு தின்றால் புரையேறும், அதனால் பிசைய மட்டும்தான் வேண்டும், வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன்.

"அப்பறம் எப்பத் திங்கறது?" என்று கேட்டாள் பாவாயி.

படம் முடிந்ததும் என்றேன். சரி, நடக்கட்டும் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள்.

அம்மா காக்கியைக் கழற்றி எங்கள் பருத்தி அங்கியை மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றாள். அம்மா காலைத் தொட்டால் பிசைய வேண்டும், கையை எடுத்தால் நிறுத்த வேண்டும். மணி கிடையாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் டாக்டரும். இயந்திரம் தடதடக்க ஆரம்பித்தது. அம்மா காலைத் தொட்டாள். வலது கை சோற்றுக்குள் இறங்கியது. நான் தலையின் அளவைப் பார்த்தேன். ஆடவில்லை. தோள் தளர்ந்து கிடந்தது. உலகத்தில் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலையை அந்தக் கை செய்துகொண்டிருந்தது.

ஆறாவது நிமிடத்தில் படம் திரையில் ஏறியது. இடது மூளையில் கைக்கான இடம் இருட்டு. வலது மூளை பளிச்சென்று எரிந்தது.

"இடது கையும் கூட ஆடுது, அதனாலயும் வலது மூளை எரியலாம்," என்றார் டாக்டர். அவர் பேச்சை நிறுத்தாமல், "ஆனா வலது கை பிசையுது, இடது மூளை இருட்டா இருக்கு. அப்ப ஆர்டர் எங்கிருந்து வருது? மிச்சம் ஒரே இடம்தான் இருக்கு" என்று இயந்திரத்தின் கட்டளைப் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எரிகிற அந்தப் புள்ளியிலிருந்து கீழே தேடச் சொன்னார். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு கோடு கிளம்பியது. மூளைத்தண்டு வரை இறங்கியது. எல்லாப் பாதையும் எதிர்ப்பக்கம் தாண்டுகிற இடத்தில் தாண்டாமல், வலது பக்கத்திலேயே தண்டுவடத்தின் தொடக்கம் வரை நேராகப் போய் இறங்கியது. எண் ஐம்பத்தெட்டு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. தன்யஸ்ரீயை வெளியே கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். டாக்டர் விளக்க வாயைத் திறப்பதற்குள் அவள் விரலால் அந்தக் கோட்டின்மேல் போய், "மெயின் லைன் போயிருச்சு, பக்கத்து லைன்ல இருந்து எடுத்து ஓட்டிட்டிருக்கா" என்றாள். அவர் அதற்குமேல் விளக்கவில்லை. உள்ளே பாவாயி எழுந்து உட்கார்ந்து, அனுமதிக்குக் காத்திருக்காமல், இலையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

ஏழு வயது முடிய நான்கு நாள் இருக்கும்போது ஸ்லீவ் வந்தது. மாட்ட வந்தவர் தலைப்பட்டையைப் பழக்கத்தில் இடது பக்கம் வைக்கப் போக, தன்யஸ்ரீ அவர் கையைப் பிடித்து வலது பக்கம் நகர்த்தினாள். அன்றைக்கே பாவாயி ஒரு பென்சிலைப் பிடித்தாள். மையத்தில் இருந்த எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தோம்.

அதன்பின் பழைய கோப்புகளைத் திறந்தேன். வலது கைக்கு இருபத்தைந்துக்குக் கீழே எண் வாங்கி, எட்டாம் கேள்விக்குச் சோத்துக்கை என்று பதில் சொல்லி, 'நம்பத்தக்கதல்ல' என்று நான் போட்டவர்கள் அறுநூற்று நாற்பது பேர். எத்தனை அம்மாக்கள் உண்மையைச் சொன்னார்கள், எத்தனை பேர் கூச்சத்தில் சொன்னார்கள் என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. ஏழு வயது முடியாதவர்களை உடனே அழைத்து, இலை போட்டுப் படம் எடுத்தோம். எழுபது பேருக்கு மேல் ஸ்லீவ் கிடைத்தது. மீதியுள்ளவர்களில் பெரும்பாலோர் வயது தாண்டியிருந்தார்கள். அவர்களுக்காக டாக்டர் மூன்று கடிதம் எழுதினார். விதி விதிதான் என்று மூன்றுக்கும் பதில் வந்தது. அந்தப் பெயர்களைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

எட்டு மாதம் கழித்து தன்யஸ்ரீ ஸ்லீவைப் பெட்டியோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். உடைந்துவிட்டதா என்று பதறிப்போனேன்.

"நல்லாத்தானுங்க இருக்குது. பருப்பெல்லாம் துணிக்குள்ள போயிருது, அலசியே எனக்குச் சலிச்சுப்போச்சு. ரெண்டு மாசமா கழட்டி வெச்சுட்டுத்தான் சாப்பிடறா, எழுதறா, எல்லாம் பண்றா. சும்மா எதுக்குங்க கெடக்கோணும், வேற புள்ளைக்குக் குடுங்க."

பாவாயியைப் படம் எடுத்தோம். எழுபத்தொன்று. ஸ்லீவ் கை கொடுத்தது உண்மைதான், ஆனால் அது வருவதற்கு முன்பே ஐம்பத்தெட்டு இருந்ததே, அதை யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. "ஏழு வயசுங்கற விதி ஸ்லீவுக்கு," என்றார். "சோத்துக்கு யாரும் வயசு வரம்பு போடலயே சுபிக்ஷா."

வயது தாண்டியவர்களை அன்றைக்கே ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன். பட்டியலில் எல்லோருக்கும் மூத்தவன் யுகேந்திரன். காங்கேயம் பக்கம். வயது பதினேழு. ஆறு வயதில் நான் கொடுத்த எண் ஆறு. அவன் அம்மா போனை எடுத்தார். யாரென்று சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார். தம்பி இப்போது எந்தக் கையால் சாப்பிடுகிறான் என்று கேட்டேன்.

"அப்ப சோத்துக்கையிலதாங்க சாப்பிட்டுட்டிருந்தான். பாதையே இல்லைன்னு நீங்க சீட்டுக் குடுத்தீங்க. இல்லாத கைய எதுக்கு வதைக்கோணும்னு அதோட விட்டுட்டோங்க."

பதினோரு வருடம். நான் சொன்னது தப்பு, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் போனை மகனிடம் கொடுத்தார். அவனிடமும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், பாவாயியைப் பற்றியும். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"இப்ப ஆரம்பிச்சா கை வருங்களா?" என்றான்.

"தெரியாது தம்பி. இத்தனை வருஷத்துல அந்தப் பாதை காஞ்சு போயிருக்கலாம், கொஞ்சம் மிஞ்சியும் இருக்கலாம். இங்க வந்தீங்கன்னா படம் எடுத்துப் பார்த்துச் சொல்றேன்."

"படம் இப்ப வேண்டாங்க," என்றான். "நீங்க மறுபடி ஒரு நம்பர் சொல்லி, அது சின்னதா இருந்துச்சுன்னா நான் விட்டுருவேன். மொதல்ல சாப்பிட்டுப் பாக்கறேன்."

அந்த வருடம் முடிவதற்குள் பட்டியலில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுவிட்டேன். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். யுகேந்திரனிடமிருந்து பத்து வாரம் ஒரு தகவலும் இல்லை. பதினோராவது வாரம் ஒரு வீடியோ வந்தது. தட்டில் சோறு. இடது கையால் அவன் தன் வலது கையைத் தூக்கித் தட்டில் வைக்கிறான், பிறகு இடது கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுகிறான். வலது கை வெகுநேரம் சும்மா கிடக்கிறது. பெருவிரல் ஒரு முறை அசைகிறது. மற்ற விரல்கள் மெல்லக் கூடி வருகின்றன. அவன் குனிந்து வாயைப் பாதி வழிக்குக் கொண்டுவர, கை மீதி வழிக்கு ஏறி வருகிறது. வாய்க்குள் போனது நாலு பருக்கை இருக்கும், மிச்சம் சட்டையில். அவன் அதை மென்றுகொண்டே நேராக கேமராவைப் பார்த்தான். நான் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மையத்தில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டேன்.